அலாய் வீல் மாற்றப் போகிறீர்களா? பாலக்காட்டு எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு அலாய் வாங்குவது என்றால் ஒன்று கோயம்புத்தூர், இல்லாவிட்டால் பாலக்காடு. இரண்டு ஊரிலும் கடைக்குப் பஞ்சமில்லை. எந்தக் கடையில் கேட்டாலும் "உங்க வண்டிக்குச் செட் ஆகும்" என்றுதான் சொல்வார்கள். நாலு போல்ட்டும் உள்ளே போய்விட்டால் செட் ஆகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. அதற்கு மேலும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. இங்கே நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என்னால் முடிந்த வரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் என் வண்டியைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

போல்ட் எத்தனை, அந்தப் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு (இதைத்தான் பிசிடி என்கிறார்கள்), நடுத் துளை எவ்வளவு, ரிம்மின் விட்டமும் அகலமும் என்ன, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் காட்டும் எண், கீழே விளக்கியிருக்கிறேன்) என்ன, நட்டின் மரை என்ன. இவ்வளவுதான்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. ரிம் அளவும் ஆஃப்செட்டும் பெரும்பாலும் பழைய வீலிலேயே அச்சாகியிருக்கும். கழற்றி முதுகுப் பக்கம் பாருங்கள். 15×5.5ஜே, இடி45 என்பது போல இருக்கும். 15 அங்குல விட்டம், ஐந்தரை அங்குல அகலம், 45 மி.மீ. ஆஃப்செட் என்று அர்த்தம். 'ஜே' விளிம்பின் வடிவத்தைக் குறிப்பது, அதை விட்டுவிடலாம். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டிசைனைப் பார்த்து மயங்கிய பிறகு எண்கள் யார் காதிலும் ஏறாது.

பிசிடியை வீட்டிலேயே அளக்க முடியுமா?

நாலு போல்ட் வண்டியில் சுலபம். எதிரெதிரே இருக்கும் இரண்டு போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுதான் பிசிடி. ஐந்து போல்ட் என்றால் நேர் எதிரே போல்ட் இருக்காது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மைய தூரத்தை அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் 114.3, 58.8 வந்தால் 100. 63.5 வந்தால் 108, 65.8 வந்தால் 112. கடைசி இரண்டுக்கும் நடுவே இரண்டு மி.மீ.தான் இடைவெளி என்பதால் தையல் டேப்பை வைத்து அளக்காதீர்கள். வெர்னியர் (மி.மீ.க்கும் நுணுக்கமாக அளக்கும் கருவி) வேண்டும்.

நம் ரோட்டில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கு: மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாம் 4×100 (நாலு போல்ட், 100 மி.மீ. பிசிடி). ஃபோர்டு ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் 4×108. ஃபியட் புன்டோ, லீனியா 4×98. ஃபோக்ஸ்வாகன் போலோ 5×100. ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், இன்னோவா 5×114.3. ஃபார்ச்சூனர் 6×139.7.

ஃபியட்டுக்கு 4×98, கடையில் இருப்பது 4×100. இரண்டே மி.மீ. தானே?

அந்த இரண்டு மி.மீ.தான் ஆபத்து. 108க்கும் 100க்கும் போல வித்தியாசம் பெரிதாக இருந்தால் வீல் ஏறவே ஏறாது, பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். 98க்கும் 100க்கும் என்றால் ஏறும். முதல் போல்ட் சரியாக உட்காரும். மற்றவை கொஞ்சம் சாய்ந்து, இழுத்துப் பிடித்து இறுகும். இறுகியது போலத்தான் கைக்குத் தெரியும். உள்ளே போல்ட்டின் கூம்பு வடிவப் பகுதி துளையில் முழுதாகப் பதியாமல் ஒரு ஓரத்தில் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும். ஓட ஓடப் போல்ட் தளரும், இல்லாவிட்டால் வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். தலை அசைந்து கொடுக்கும் தனி வகைப் போல்ட்டுகள் விற்கிறார்கள். அதை வாங்குவதைவிட 4×98 வீலாகவே தேடி வாங்குவது நல்லது.

நம்ம கோயம்புத்தூரில் லேத் இல்லாத தெருவா? புதுத் துளை போட்டுக் கொள்ளலாமே?

கோயம்புத்தூர் லேத்தில் ஆகாத வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வார்ப்பு அலாயில் போல்ட் துளையைச் சுற்றி எவ்வளவு உலோகம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அச்சே செய்திருப்பார்கள். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டால் நடுவில் மெல்லிய சுவர்தான் மிஞ்சும். விரிசல் அங்கே ஆரம்பிக்கும். பழைய துளையைப் பற்றவைத்து அடைத்துவிட்டுப் புதுசு போடுவது இன்னும் மோசம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அலுமினியம் தன் உறுதியை இழந்துவிடும்.

எட்டுத் துளை வைத்துக் கம்பெனியிலேயே வரும் வீல்கள் வேறு. 4×100, 4×108 இரண்டுக்கும் பொதுவாக வார்த்து, அதற்கேற்ற தடிமன் கொடுத்திருப்பார்கள். அவற்றை வாங்கலாம்.

சென்டர் போர் (நடுத் துளை) பெரிதாக இருக்கிறது, ரிங் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். சரியா?

சரிதான், அது ஏமாற்று வேலை இல்லை. வெளியே விற்கும் வீல்களைப் பல வண்டிகளுக்கும் பொதுவாகச் செய்வதால் நடுத் துளையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. அளவில் விட்டிருப்பார்கள். ஸ்விஃப்ட்டின் ஹப் (வண்டியில் வீல் மாட்டும் நடுப் பகுதி) 54.1, ஹோண்டா சிட்டி 56.1, போலோ 57.1, கிரெட்டா 67.1. மிச்ச இடைவெளியை நிரப்பத்தான் ஹப் ரிங். அது இருந்தால் வீல் நட்ட நடுவில் உட்காரும். இல்லாவிட்டால் நட்டு மட்டுமே நடுவில் பிடிக்க வேண்டும். ஒரு நட்டை முதலில் முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் வீல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் மெஷினில் வீல் சரியாகவே காட்டும். வண்டியில் மாட்டினால் நடுக்கம். எங்கே கோளாறு என்று தெரியாமல் டயர்க் கடையையே திட்டிக்கொண்டிருப்போம்.

ரிங்கை அளவு பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கும் வரும், அலுமினியமும் வரும். மலையில் இறங்கும்போது பிரேக் சூடு ஏறும் வண்டிக்கு அலுமினியம் நல்லது. ஹப் விளிம்பில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவிவிட்டால், நம் மழைக்கு வீல் ஹப்போடு ஒட்டிப்போகாது. போல்ட் மரையில் கிரீஸ் கூடாது. அங்கே தடவினால் அதே விசையில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

நடுத் துளை ஹப்பைவிடச் சிறிதாக இருந்தால் பேச்சே இல்லை, அந்த வீல் உங்கள் வண்டிக்கு ஆகாது.

ஆஃப்செட் என்றால் என்ன? கடைக்காரர் "அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை" என்கிறாரே?

அவருக்குத் தேவையில்லை, வண்டி உங்களுடையது. மற்ற எல்லா அளவும் சரியாக இருந்து இது ஒன்று தப்பினாலே வண்டி கெடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு கோடு போடுங்கள். வீல் ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் கோட்டுக்கு வெளிப்பக்கம், அதாவது நாம் நின்று பார்க்கும் பக்கம் இருந்தால் அது பாசிட்டிவ். எண் கூடக்கூட வீல் வண்டிக்குள்ளே போகும். குறையக் குறைய வெளியே துருத்தும். முன் சக்கரம் இழுக்கும் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 35இலிருந்து 50 வரை இருக்கும்.

அகலமும் ஆஃப்செட்டும் சேர்ந்துதான் வேலை செய்யும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். பழைய வீல் 15×5.5, இடி45. புதியது 16×7, இடி38. அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடியிருக்கிறது. அதில் பாதி, 19 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் போகும். ஆஃப்செட் 7 குறைந்ததால் முழு வீலும் 7 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளி விளிம்பு 26 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 12 மி.மீ. உள்ளே, ஸ்ட்ரட்டை (சஸ்பென்ஷன் தண்டை) நோக்கிப் போகும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இடம் வேண்டும். 26 மி.மீ. என்றால் ஒரு அங்குலத்துக்கு மேல். மட்கார்டைத் தாண்டி டயர் எட்டிப் பார்க்க அது போதும்.

எட்டிப் பார்ப்பது ஸ்டைல் என்று நினைப்பவர்களுக்கு: வீல் பேரிங் சுமையைத் தாங்கும் இடமே மாறிவிடுகிறது, சீக்கிரம் சத்தம் போடும். குழியில் ஒரு பக்க டயர் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். மழையில் வண்டியின் பக்கமெல்லாம் சேறு வாரி அடிக்கும்.

பழைய ஆஃப்செட்டுக்கு ஐந்து மி.மீ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

14 இலிருந்து 16க்குப் போகலாமா?

டயரின் மொத்த உயரம் மாறாமல் இருந்தால் போகலாம். ரிம் பெரிதானால் டயரின் சுவர் குள்ளமாக வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் ஸ்விஃப்ட்தான். 2018இல் வந்த மாடலின் கீழ் வேரியண்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்டுக்கு 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதலாவது 619.6 மி.மீ. உயரம், இரண்டாவது 621.5. ரிம் ஒரு அங்குலம் ஏறியும் உயரம் இரண்டு மி.மீ.கூட மாறவில்லை. இதே வழியில் 195/55 ஆர்16 போட்டால் 620.9 வரும். உயரம் சரி, இடம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

நீங்களே கணக்குப் போட: முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது சுவரின் உயரம் அதில் எத்தனை சதவீதம் என்பது. 185இல் 65 சதவீதம் 120. மேலும் கீழும் சுவர் இருப்பதால் 240. அதனோடு ரிம்மை மி.மீ.ஆக்கிக் கூட்டுங்கள் (15×25.4=381). பழைய உயரத்துக்கும் புதியதற்கும் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

கடையில் இருக்கிறது என்பதற்காக 205/60 ஆர்16 போட்டால் 652 மி.மீ. ஆகிவிடும். அது 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84இல் போகும். கேமரா உங்கள் மீட்டரைப் பார்த்து அபராதம் போடுவதில்லை.

17 அங்குலம் போட்டால் கெத்தாக இருக்குமே?

இருக்கும். 185/65 ஆர்15இல் டயர் சுவர் 120 மி.மீ. அதே உயரத்துக்கு 17 என்றால் 205/45 ஆர்17 போட வேண்டும், சுவர் 92தான். குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது இந்தச் சுவர்தான். வாளையார் வழியாக தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவர் தாக்குப்பிடிப்பார். மழைக்காலம் முடிந்த கையோடு சித்தூர்த் தாலுகாவின் உள்ரோடுகளிலோ, நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கோ அடிக்கடி போகிறவர் என்றால் ரிம் கோணலாகிவிடும். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி எடுத்துவிடலாம். அலாய் சில நேரம் வளையும், சில நேரம் வெடிக்கும். வண்டிக்குக் கம்பெனி கொடுத்த பெரிய அளவோடு நின்றுகொள்வதுதான் என் அபிப்பிராயம். அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைவு. கேரள மழையில் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய நட்டுகளையே போடலாமா?

முதலில் நட்டு எந்த இடத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். வெளியே விற்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டாவின் சொந்த நட்டு உருண்டையாக முடியும். போலோவுக்கு நட்டே இல்லை, போல்ட்; அதுவும் உருண்டைத் தலை. டொயோட்டாவின் பல கம்பெனி அலாய்களில் வாஷரோடு தட்டையாக உட்காரும் நட்டு. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். இறுக்கும்போது ஒன்றும் தெரியாது. சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும்.

மரையும் ஒன்றல்ல. ஸ்விஃப்ட்டுக்கு 12×1.25 (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ.), ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் 12×1.5. மாற்றிப் போட்டால் ஓரிரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்து அழுத்தினால் போல்ட்டின் மரை போயிற்று. அதனால் எந்த நட்டையும் முதலில் விரலால் சுற்றச் சொல்லுங்கள். வீல் மாட்டிய பிறகு நட்டு குறைந்தது ஏழெட்டுச் சுற்று கையாலேயே உள்ளே போக வேண்டும். மூன்றே சுற்றில் நின்றால் ஒன்று மரை வேறு, இல்லாவிட்டால் வீலின் முகம் தடிமனாக இருந்து போல்ட் எட்டவில்லை.

கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (குறித்த விசைக்கு அளந்து இறுக்கும் ஸ்பேனர்). எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். 50இலிருந்து 100 கி.மீ.க்குள் மறுபடி ஒரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும். புது அலாயில் பெயின்ட் படிந்து நட்டு லேசாகத் தளர்வது சகஜம்.

எடை தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீலின் பின்புறம் அதிகபட்சச் சுமை கிலோவில் பதிந்திருக்கும். ஒரு அச்சுக்கு, அதாவது முன்னோ பின்னோ ஒரு ஜோடி வீலுக்கு, அனுமதித்த எடையில் பாதியைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். டயரிலும் ஒரு எண் உண்டு: 185/65 ஆர்15 88 என்றால், 88 என்பது 560 கிலோ, 87 என்றால் 545. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். சனிக்கிழமை ஆனால் பின் சீட்டை மடக்கித் தேங்காய் மூட்டை ஏற்றுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இது சும்மா ஏட்டு விஷயம் இல்லை. வீலில் சுமை எண்ணே பதியவில்லை என்றால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பெரிய ரிம் என்றால் பிரேக்கில் இடிக்காதுதானே?

விட்டம் பெரிதாக இருந்தாலும் ஸ்போக்கின் முதுகு காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) இடிக்கலாம், டிசைனைப் பொறுத்தது. காலிப்பர் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஐந்து மி.மீ. தடிமனில் ஒட்டி, வீலை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். களிமண்ணில் கீறல் விழுந்தால் இடம் போதவில்லை. பேலன்சிங் ஈயத்தை உள்ளே ஒட்டும் வீல்களில் அந்த ஈயத்துக்கும் சேர்த்து இடம் வேண்டும்.

கேரள மோட்டார் வாகனத் துறை பிடிக்குமா? தமிழ்நாட்டு நம்பர் வண்டி என்றால் பரவாயில்லையா?

சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவின் கீழ், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர் மேல் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

சோதனை செய்வதில் கேரளம் கண்டிப்பு, அது ஊரறிந்தது. கேஎல் 70 ஆனாலும் டிஎன் 41 ஆனாலும் வாளையாரைத் தாண்டினாலோ கோபாலபுரத்தைத் தாண்டினாலோ அந்தக் கண்டிப்புக்குள் வந்துவிடுகிறோம். அதிகாரியின் கண் முதலில் போவது மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயருக்குத்தான். உங்கள் மாடலின் மேல் வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் ரிம் அளவையும் டயர் அளவையும் அப்படியே போட்டு, டயர் உடம்புக்குள் நிற்கிறது என்றால், கேட்கும் அதிகாரிக்குக் காட்ட உங்களிடம் பதில் இருக்கும். 14இலிருந்து 15க்குப் போன ஸ்விஃப்ட் அந்த வகை. அதே ஸ்விஃப்ட்டில் வெளியே துருத்தும் 17 போட்டால் எந்தப் பதிலும் எடுபடாது. "எங்க ஊர்ல யாரும் கேக்கலையே சார்" என்பது பதிலே இல்லை. அதையும் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ்?

தகவல் சொல்லுங்கள். வெளியில் வாங்கிய அலாய் கூடுதல் உபகரணம் என்ற கணக்கில் வரும்; பாலிசியில் அதன் மதிப்பைச் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அதற்கு இழப்பீடு. பில் அவசியம். சொல்லாமல் விட்டு, விபத்துக்கு அந்த வீலே காரணம் என்று சர்வேயர் எழுதினால் மொத்த க்ளெய்முமே இழுபறியாகும்.

ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டு வெளியே தள்ளலாமா?

வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் அலாய் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

வெளிமுகத்தைப் பார்க்காதீர்கள், அதற்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். டயரைக் கழற்றச் சொல்லி உள் பீப்பாயைப் பாருங்கள். வெளிச்சத்தை ஓரமாகப் பிடித்தால் வளைவு எடுத்த சுத்தியல் தடமும் வெல்டிங் தழும்பும் தெரியும். பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு விளிம்பை மட்டும் கவனியுங்கள். மேலும் கீழும் குதித்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ விட்டுவிடுங்கள்.

விரிசல் சந்தேகம் இருந்தால் பழைய பட்டறை வழி ஒன்று உண்டு. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஈரக் கோடு விழும். ஸ்போக்கிலோ போல்ட் துளை ஓரத்திலோ அந்தக் கோடு தெரிந்தால் அந்த வீல் எடைக்குத்தான் லாயக்கு.

டயரோடு சேர்த்து விற்றால் டயர்ச் சுவரில் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் கட்டை தேயாமல் நிறைய இருந்தாலும் அந்த வயசுக்கு விலை கொடுக்காதீர்கள்.

ஒரே டிசைன், ஒரு கடையில் பாதி விலை. ஏன்?

பிரபலமான ஜப்பானிய, ஜெர்மானிய டிசைன்களை அப்படியே நகல் எடுத்து வார்க்கிறார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். சோதித்துப் பார்த்து வார்த்ததா என்பதுதான் வித்தியாசம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஜப்பான் தரத்துக்கான ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகளையும் வார்ப்பிலேயே பதிப்பார்கள். ஆனால் நகல் எடுப்பவனுக்கு முத்திரையையும் நகல் எடுக்கத் தெரியும். ஆக முத்திரையோடு செய்தவர் பெயர், சுமை எண், ஜிஎஸ்டி பில், எழுத்தில் வாரண்டி எல்லாம் சேர்ந்து இருந்தால் நம்பலாம். பில் கொடுக்கத் தயங்கும் கடையில் பேரம் பேசுவதே வீண்.

அலாய் போட்டால் மைலேஜ் கூடுமா?

இரும்பைவிட அலாய் லேசு என்ற நினைப்பில் வரும் கேள்வி. மலிவான வார்ப்பு அலாய், அதிலும் ஒரு அளவு பெரியது என்றால், பழைய இரும்பு வீலைவிட எடை கூடவும் வாய்ப்பு உண்டு. கடையில் தராசு இருந்தால் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். எடை கூடினால், டயரும் அகலமானால், மைலேஜ் குறையத்தான் செய்யும்.

மாட்டி முடித்தாயிற்று. கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால்?

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். காலி வண்டியில் உரசாத டயர் ஆளேறியதும் உரசும். அலைன்மென்ட்டும் அன்றைக்கே செய்துவிடுங்கள். டயர் அளவு மாறியிருந்தால் காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது என்று மேல் வேரியண்ட்டின் ஸ்டிக்கரைப் பார்த்து வையுங்கள்.

அடுத்த வாரம் போன் டார்ச்சை வைத்து மட்கார்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். சேறும் தூசியும் படிந்த பிளாஸ்டிக்கில் ஒரு இடம் மட்டும் வளைவாக, பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் கறுப்பு ரப்பர்த் தூள் ஒட்டியிருந்தால் டயர் அங்கே தொடுகிறது. டயரின் தோளிலும் அதற்கு ஜோடித் தடம் இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு; இந்தத் தடத்தைப் பார்க்காமல் அந்த ரோட்டில் ஏறாதீர்கள். உள்ளே ஸ்ட்ரட் பக்கம் டயர்ச் சுவர் தேய்ந்தால் இன்னும் அவசரம், ஏனென்றால் அது வெளியிலிருந்து தெரியாது.

ஸ்டெப்னி பழைய இரும்பு வீலாகவே இருக்கிறது. அதற்கு வேறு ஏதும் வேண்டுமா?

புது அலாய்க்கு வேறு வகை நட்டு வாங்கியிருந்தால் பழைய நட்டு ஒரு செட்டை ஜாக்கோடு டிக்கியில் போட்டு வையுங்கள். அலாயின் நட்டு இரும்பு வீலில் சரியாக உட்காராமல் போகலாம். அலாயின் நட்டுக் குழி ஒடுங்கியதாக இருந்தால் வண்டியோடு வந்த ஸ்பேனர் உள்ளே நுழையாது. மெல்லிய சாக்கெட் ஒன்றும் வேண்டும். பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவியை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்தாதீர்கள், அதுவும் டிக்கியில்தான் இருக்க வேண்டும். மற்ற நாலு வீலும் புது அளவு, ஸ்டெப்னி பழைய அளவு என்றால் டயர் உயரம் ஒன்றாக இருக்கும்வரை பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போகலாம்.